இடது காதில் வைத்த விரல்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். ஜப்பானில், நாரா ஊரில், அந்த ஊறுகாய்க் கடைக்கு நேர் எதிர் மாடியில் வருஷக்கணக்காகக் குடியிருந்தவன் நான். அந்தக் கடைக்காரரின் மனைவி இகுயோ என்னிடம் இதைச் சொன்னபோது மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, குடித்திருக்கவும் இல்லை. சொல்லி முடிக்கிறவரைக்கும் இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டே இருந்தாள். தேநீர்க் கோப்பையை எடுக்கக்கூட அந்தக் கையை எடுக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இகுயோ பொறாமைக்காரி. அதை அவளே மறுக்க மாட்டாள். உயிரோடு இருப்பவள்மேல் பொறாமை என்றால் நாலு வார்த்தை சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவள் பொறாமைப்பட்டது செத்துப்போன ஒருத்திமேல். அங்கேதான் சிக்கல்.

கடை கென்சாகுவுடையது. அமைதியான ஆள். ஐம்பதை நெருங்கிய வயது. பிறவியிலேயே இரண்டு காதிலும் துவாரம் கிடையாது. மடல் இருக்கும், நடுவில் மூடியிருக்கும். முதல் மனைவி மினாயே ஐந்து வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அதற்கு மூன்று வருஷம் கழித்து இகுயோவைக் கட்டிக்கொண்டார். இகுயோவுக்கு அது முதல் கல்யாணம், நாற்பது தாண்டி.

அந்த ஊர் ஊறுகாய் நம் ஊர் ஊறுகாய் மாதிரி ஒரு மாசத்தில் தயாராகிற சமாசாரம் இல்லை. அரிசி மது வடித்த பிறகு அடியில் தங்கும் வண்டலில் வெள்ளரிக்காயைப் புதைத்து வைப்பார்கள். வண்டலை மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் ஊற வைப்பார்கள். கறுத்துப் பளபளவென்று ஆன பிறகுதான் விற்பனைக்கு வரும். அதாவது, இகுயோ கல்லாவில் நின்று விற்றுக்கொண்டிருந்ததெல்லாம் மினாயே புதைத்து வைத்த காய்கள்.

வருகிறவர்களும் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை.

"இது மினாயே போட்டதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு குடுங்க. இன்னும் எத்தனை பீப்பாய் இருக்கு? தீர்ந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

இகுயோ சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டுவாள். வயிறு எரியும். காலையில் எழுந்ததும் முதல் வேலை, வீட்டுப் புத்தர் மாடத்தில் இருக்கும் மினாயேவின் படத்துக்கு முன்னால் சூடாகத் தேநீர் வைப்பது. அதுவும் இகுயோதான் வைக்க வேண்டும். அந்த வீட்டு மருமகள் செய்ய வேண்டிய வேலை அது. படத்தில் இருப்பவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். 'நல்லா இருக்கு, நாளைக்கும் கொண்டா' என்கிற மாதிரி இருக்குமாம் அந்தச் சிரிப்பு.

கல்யாணத்துக்கு முன்பே கென்சாகு அவளைக் காது மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், அவருடைய காது கேட்கும் கருவியை ஒட்டிவிடக் கற்றுக்கொள்வதற்காக. கண்ணாடியைப் பார்த்து அவரே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் சரியான இடத்தில் உட்கார, எதிரே நின்று இன்னொருவர் ஒட்டினால்தான் நன்றாக இருக்கும். அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் நொகாமி. வழுக்கைத் தலை, பொறுமைசாலி.

உளுந்து அளவுக்கு ஒரு சின்ன உருண்டை. அதன் அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைத் துண்டு வெட்டி வைத்து, வலது காது மடலின் குழியில் ஒட்ட வேண்டும்.

"அழுத்தாதீங்க," என்றார் நொகாமி. "மண்டை எலும்புல வைக்கற பழைய கருவின்னா இறுக்கிக் கட்டணும், சாயங்காலத்துக்குள்ள தலைவலி வந்துடும். இது காதுக் குருத்தெலும்பு. லேசாத் தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். மடல் அதிரும். அந்த அதிர்வு உள்ள இருக்கற சதை வழியா உள்காதுக்குப் போயிடும். துவாரமே தேவையில்ல."

"தொடலேன்னா?"

"தொடலேன்னா ஒண்ணுமே இல்ல."

விளையாட்டுக்கு இன்னொரு உருண்டையை இகுயோவின் காது மடலில் வைத்தார். சட்டென்று பாட்டு. வெளியிலிருந்து வரவில்லை. அவள் காதுக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பாடுகிற மாதிரி. கையை எடுத்ததும் பாட்டு நின்றுவிட்டது.

"உங்களுக்குத் துவாரம் இருக்கில்லையா, மடல் அதிர்ந்து அதுக்குள்ளயே சத்தம் உண்டாகுது. பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேட்காது. எனக்கு இப்ப ஒண்ணுமே கேட்கலை, பாருங்க."

இகுயோவுக்கு வேடிக்கையாக இருந்தது. இடது காதுக்கும் ஒட்ட வேண்டுமா என்று கேட்க நினைத்தாள். இடது மடல் வலதைவிடச் சின்னது, சுருங்கிப்போயிருந்தது. ஒட்ட இடமில்லை போலிருக்கிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதைக் கேட்காமல் விட்டதை அவள் பின்னால் நூறு தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

நொகாமி கடைசியாக ஒன்று சொன்னார். "மினாயே அம்மா ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க."

அவ்வளவுதான். அவளுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது.

கென்சாகுவின் அக்கா ஃபுசாயே. வாய் சும்மா இருக்காது. வந்தால் ஏதாவது ஒன்றைக் குத்திவிட்டுத்தான் போவாள்.

"என்ன இகுயோ, என் தம்பி காது இப்பல்லாம் சுத்தமா இருக்கு? அப்பல்லாம் மோந்து பாத்தாலே ஊறுகாய் வாசனை வரும். மினாயே பீப்பாய்லேருந்து கையை எடுத்து, அரைகுறையாக் கழுவிட்டு, அப்படியே வந்து ஒட்டிவிடுவா. காதுல எப்பவும் ஒரு பொட்டு வண்டல் இருக்கும்."

"நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் ஒட்டறேன் அக்கா."

"தெரியுதே. அதான் வாசனையே இல்ல."

மினாயேவைவிட நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று காட்ட வேண்டும். அதுதான் இகுயோவின் வெறி. கேட்டுப் பார்த்ததில், மினாயே இருந்தபோது கென்சாகு படுக்கப் போகிற வரைக்கும் கருவியோடுதான் இருப்பாராம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்களாம். அதனாலேயே வண்டல் ஈரமும் வேர்வையும் ஏறி, கருவி அடிக்கடி ரிப்பேருக்குப் போகுமாம்.

இகுயோ ஒரு சட்டம் போட்டாள். கடை மூடியதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டும். பிறகு குளியல். மறுபடி ஒட்டுவது மறுநாள் காலையில்தான்.

கென்சாகு முதல் நாள் கொஞ்சம் தயங்கினார்.

"சாயங்காலம் பூரா ஒண்ணும் கேட்காதே."

"கருவி நல்லா இருக்க வேண்டாமா? ஒரு ராத்திரி காயணும்."

அவர் தலையாட்டினார். கருவி அதற்குப் பிறகு ரிப்பேருக்கே போகவில்லை. நொகாமியே பாராட்டினார். இகுயோ வீட்டுக்கு வந்து மினாயேவின் படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

இன்னொன்றையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். அந்த நிசப்தம் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. பேச்சு அவளுக்கு வராது. 'உங்களைப் பிடிச்சிருக்கு', 'இன்னிக்குக் களைச்சுப் போயிட்டீங்களா', இப்படி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காது கேட்காத மனிதரிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். அவர் குளித்துவிட்டு, பருத்தி அங்கியோடு பின்கட்டு அறையில் தோட்டத்தைப் பார்த்து உட்காருவார். இவள் சமையல் செய்வாள். எட்டு மணிக்குப் பெரிய கோயில் மணி அடிக்கும்போது அவர் பக்கத்துத் தூணில் உள்ளங்கையை வைப்பார். அந்த அதிர்வை மட்டும் கையில் வாங்கிக்கொள்வார். பிறகு சாப்பாடு. பிறகு தூக்கம்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஜூன் மாச மழைக்காலம். அன்று இகுயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கென்சாகு வழக்கம்போல அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தோட்டக் கண்ணாடிக் கதவில் அவர் முகம் தெரிந்தது.

சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, மனுஷனுக்குப் பழசு ஏதோ ஞாபகம் வந்திருக்கும். மினாயே ஞாபகமாகத்தான் இருக்கும். வேறென்ன? இகுயோ முள்ளங்கியை வெட்டிய வெட்டில் பலகையே அதிர்ந்தது.

மறுநாளும் அதே சாய்வு. அதே சிரிப்பு. கூடவே ஒரு சத்தம்.

"ம்…"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "ம்… சரி."

கதை கேட்கிறவர்கள் போடுவார்களே, அந்த 'ம்'.

இகுயோ சத்தமில்லாமல் போய் டப்பாவைத் திறந்து பார்த்தாள். கருவி உள்ளேதான் இருந்தது. மினாயேவின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறாரோ, ரகசியமாகப் போட்டுக் கேட்கிறாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம். அவர் செல்போனைத் தேடினாள். அது கடை மேஜையில் சார்ஜில் கிடந்தது. வந்து அவர் பின்னால் நின்றாள்.

"என்னங்க."

திரும்பவில்லை.

"கென்சாகு."

திரும்பவில்லை. தலை மட்டும் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது. யாரோ நெருங்கி வந்தால் இடம் கொடுப்பது மாதிரி.

"அப்படியா?" என்றார் அவர், மெதுவாக. இவளிடம் இல்லை.

அன்று சாப்பிடும்போது அவர் இடது காதைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்த மனிதர். அவள் கண்ணெதிரே தேய்த்துக் குளித்தவர். அந்தச் சுருங்கிய மடலில் பழுப்பாக ஒரு பொட்டு.

விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

வண்டல்.

இகுயோ முதலில் பயப்படவில்லை. அதுதான் வேடிக்கை. அவளுக்கு வந்தது ஆத்திரம். தினம் காலையில் உனக்குத் தேநீர் வைக்கிறேன். நீ போட்ட காயை விற்கிறேன். உன் பெயரைச் சொல்லித்தான் கடை ஓடுகிறது. இந்த மனிதர் ஒருத்தர்தான் எனக்கென்று இருக்கிறார். அவரையும் விட மாட்டாயா?

மறுநாள் படத்துக்குத் தேநீர் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் காதுப் பொட்டு இன்னும் பெரிதாக இருந்தது. மடலில் ஒரு குழியும் விழுந்திருந்தது. யாரோ விரல் நுனியை வைத்து ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் விழுமே, அப்படி. இகுயோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல மெல்ல மேலே எழும்பிச் சமமானது.

டேப் வாங்குகிற சாக்கில் நொகாமியிடம் போனாள்.

"கருவி இல்லாம அவருக்குக் குரல் கேட்குமா சார்?"

"மெதுவாப் பேசினாக் கேட்காது. ஏதாவது தொடணும். அதிர்ற ஒரு பொருள் காது மடலைத் தொடணும்."

"விரலை வெச்சுக்கிட்டு, வாயால பேசினா?"

நொகாமி சிரித்தார். "உங்க குரல் விரல் நுனி வரைக்கும் வராது. வரணும்னா விரலே பேசணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது.

அன்று மாலை மழை விட்டிருந்தது. ஆறே முக்கால் இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது. கென்சாகு தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலை நேராக இருந்தது. காத்துக்கொண்டிருக்கிறார் என்று இகுயோவுக்குப் புரிந்தது.

இன்றைக்கு நான் முந்திக்கொள்கிறேன் என்று நினைத்தாள். கையைக் கழுவவில்லை. அடுப்படியிலிருந்து அப்படியே வந்தாள். அவர் பின்னால் மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலை நீட்டி, அவர் இடது காது மடலை லேசாகத் தொட்டாள்.

அவர் சிரித்தார். திரும்பவில்லை.

"என்ன… இன்னிக்குக் கை சூடா இருக்கு?"

இகுயோவின் விரல் அப்படியே நின்றது.

"எப்பவும் ஜில்லுன்னு இருக்குமே. பீப்பாய்க்குள்ளேருந்து எடுத்த மாதிரி."

அவர் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"பேசேன். ஏன் பேசாம இருக்கே? பகல்ல இதைப் பத்திப் பேசக் கூடாது, வெட்கமா இருக்குன்னு நீதான் சொன்னே. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? வாக்கைக் காப்பாத்தறேனா இல்லையா?"

தோட்டத்தைப் பார்த்தபடியே அவர் தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் காதுல எனக்கு இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல. நீ தொட்ட பிறகுதான் கேட்குது. மினாயேவுக்குக்கூட இது முடிஞ்சதில்ல, இகுயோ."

இகுயோ.

அவர் மினாயேவோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. இத்தனை நாளும் இகுயோவோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு, அந்த 'ம்', அந்தச் சாய்வு எல்லாம் இகுயோவுக்காக. அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தைகளை, அவள் சொன்னதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்ததாம். ஒரே ஒரு நிமிஷம்.

அப்புறம்…

அவள் இடது காதில் ஏதோ பட்டது.

ஈரமாக.

ஜில்லென்று.

விரல் நுனி.

அழுத்தவில்லை. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புளித்த வண்டல் வாசனை அடித்தது. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. துணி உரசும் சத்தம் இல்லை. வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

காதுக்குள்ளேயே ஒரு குரல் உண்டானது.

"நான் இகுயோ."

அது இகுயோவின் குரல்தான். அவளுடைய சொந்தக் குரல். ஆனால் அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் பேசியிராத கனிவோடு…

அவள் விழுந்தடித்து எழுந்து விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் கென்சாகு திரும்பினார்.

"என்ன ஆச்சு?"

அவளால் என்ன சொல்ல முடியும்? அது நானில்லை என்றால் அவருக்கு என்ன மிஞ்சும்? அந்த வார்த்தைகளை வைத்துத்தானே அவர் இவளைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். போய்க் காதைக் கழுவினாள். தண்ணீர் பழுப்பாக ஓடியது.

பொறாமைக்காரிகளுக்குத் தைரியம் ஜாஸ்தி. வேறொருத்தி என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். இகுயோ கட்டவில்லை. மறுநாள் தன் சட்டத்தைத் தானே மாற்றினாள். குளித்து வந்தவருக்குத் துவட்டிவிட்டு, வலது காதில் கருவியை மறுபடி ஒட்டினாள். எதிரே உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு… கடைல கூட்டம்."

"ம்."

"களைச்சுப் போயிட்டீங்களா?"

"இல்லையே."

"எனக்கு… உங்களோட இருக்கறது நல்லா இருக்கு."

உயிரைக் கொடுத்துச் சொன்னாள். கென்சாகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பார்த்தார். அப்புறம் சங்கடத்தோடு சிரித்தார்.

"கோவிச்சுக்காதே. இதுல கேட்கும்போது நீ வேற யாரோ மாதிரி இருக்கே."

"வேற யாரோவா?"

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற மாதிரி. நீ வழக்கமாப் பேசற மாதிரி பேசேன்."

சொல்லிவிட்டு, அவராகவே கருவியைக் காதிலிருந்து உரித்து எடுத்தார். ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தார். மூடியைத் திருகி அவளிடம் நீட்டினார்.

"கருவி காயணும்னு நீதானே சொன்னே."

பிறகு தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார்.

காத்திருந்தார்.

ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"ம்…" என்றார்.

இகுயோ அந்தச் செத்துப்போனவள்மேல் பட்ட பொறாமையெல்லாம் இப்போது பட்ட பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். இப்போது அவள் பொறாமைப்பட்டது தன் பெயரில் இருக்கும் இன்னொருத்திமேல்.

மறுநாள் கடையை ஃபுசாயேவிடம் விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் நொகாமியிடம் போனாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"அவரோட இடது காதுக்கும் ஒரு கருவி குடுங்க சார்."

அவள் கணக்கு இதுதான். இரண்டு காதிலும் ஒட்டிவிட்டால் விரல் வைக்க இடமிருக்காது.

நொகாமி ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இடதுக்கா? உங்களுக்குத் தெரியாதா?"

"மடல் சின்னது, ஒட்டாதுன்னு…"

"அதெல்லாம் ஒட்டும். ஒட்டறது பிரச்சினை இல்லம்மா." அவர் காதின் படம் ஒன்றை மேஜைமேல் திருப்பி வைத்தார். உள்ளே நத்தை மாதிரிச் சுருண்டிருப்பதைக் காட்டினார். "மடல் வழியா வந்தாலும், எலும்பு வழியா வந்தாலும், சத்தம் கடைசியா இங்கதான் வந்து சேரணும். வலதுல இது நல்லா இருக்கு. வழிதான் மூடியிருந்தது, அதை வேற வழியா அனுப்பறோம். இடதுல இதுவே வேலை செய்யலை. பிறவியிலேருந்தே."

"அப்படின்னா…"

"அந்தக் காதுல எந்த வழியா எதை அனுப்பினாலும் கேட்காது. தொட்டாலும் கேட்காது. அங்க போய்ச் சேர்றது சத்தமே இல்ல."

இகுயோ எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வழி நெடுக ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது நானில்லைங்க. அது நானில்லை. இதைச் சொன்னால் அவர் அவளை விட்டு விலகிப் போகலாம். போகட்டும். இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். கருவியை ஒட்டி, எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கடை மூடியிருந்தது. ஃபுசாயே போய்விட்டிருந்தாள். பின்கட்டில் கென்சாகு குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டப்பா பக்கத்திலேயே இருந்தது, மூடி திருகியபடி.

அவள் நடையில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

கென்சாகு சாய்ந்து, சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓ… நொகாமியைப் பாக்கப் போயிருந்தியா? என்ன சொன்னார்?"

கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ம்… ம்… அவர் கிடக்கறார். அவருக்கு என்ன தெரியும்?"

இகுயோ ஒரு அடி முன்னால் வைத்தாள். பழைய வீடு. பலகைத் தரை. அந்த ஒரு அடி அவர் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் அதிர்ந்திருக்க வேண்டும்.

அவர் சிரிப்பு நின்றது. தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"நடையில யாரோ வந்த மாதிரி இருக்கே, இகுயோ?"

அவர் திரும்பவில்லை. இடது காதைச் சாய்த்து, பதிலுக்குக் காத்திருந்தார். அந்தச் சின்ன மடலில் ஒரு குழி விழுவதை இகுயோ பார்த்தாள்.

கென்சாகு தலையாட்டினார்.

"யாரும் இல்லையா? சரி."